கடல் கடந்த வீட்டுக்கு யார் காவல்?

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில், கோப்ரி என்ற இடத்தருகே மின்மயமாக்கல் பணியில் ஈடுபட்டிருந்த ஐந்து இந்தியர்களை 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆயுதக் குழுவினர் கடத்திச் சென்றனர். ஐவரும் தமிழகத்தின் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் என்று தெரிய வந்தபோது, அதுவரை மாலி எங்கே இருக்கிறது என்று தேடியிராத பலரும் வரைபடத்தை எடுத்தனர். அச்செய்தியோடு வந்த இன்னொரு தகவல் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்நிறுவனத்தின் மற்ற இந்தியப் பணியாளர்கள் பாதுகாப்புக் கருதித் தலைநகர் பமாக்கோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர் என்பதே அது. நகரம் அடைக்கலமானது. அந்த அடைக்கலத்துக்குள் அன்றாடம் எப்படி வாழ்வது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆப்பிரிக்காவை ஒரே நாடுபோலப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. "பையன் ஆப்பிரிக்காவில் இருக்கிறான்" என்று பெற்றோர் சொல்வார்கள். எந்த ஊர் என்று கேட்டால் தயங்குவார்கள். அது 54 நாடுகள் கொண்ட கண்டம். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இரவு நேரத்தில் நடந்து செல்பவரும், ஜோஹன்னஸ்பர்க்கின் மையப் பகுதியில் அதே நேரத்தில் நடந்து செல்பவரும் ஒரே ஆபத்தை எதிர்கொள்வதில்லை. கடத்தலுக்கு அஞ்ச வேண்டிய இடம் ஒன்று. கைப்பேசிப் பறிப்புக்கு அஞ்ச வேண்டிய இடம் வேறு. கொசுவுக்கும் வேகமாக வரும் சிற்றுந்துக்கும் மட்டுமே அஞ்ச வேண்டிய இடங்களும் ஏராளம்.

தமிழர்கள் அங்கே செல்வது புதிதன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. நூறாண்டுகளுக்குப் பிறகு எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் பள்ளி ஆசிரியர்கள் சென்றனர். இன்று கணக்கர்கள், கிடங்கு மேலாளர்கள், மின்பாதை அமைக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள், சிமென்ட் ஆலைப் பணியாளர்கள் செல்கின்றனர். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள்கூட அங்கே சென்று நிலத்தைத் துளைக்கின்றன. முன்பு சென்றவர்கள் கூட்டமாகச் சென்றார்கள். இன்று செல்பவர் பெரும்பாலும் ஒற்றையாளாக, ஒரு முகவரின் வார்த்தையை நம்பிச் செல்கிறார்.

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், தஞ்சாவூர் மாவட்ட எல்லையை ஒட்டியிருக்கும் கட்டுமாவடியை எடுத்துக் கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் அதை மீன் சந்தைக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு தென்னை மீண்டும் வளர்ந்து காய்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது தோப்பு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். வளைகுடா நாடுகளையும் சிங்கப்பூர், மலேசியாவையும் மட்டுமே பிழைப்புக்காக நினைத்து வந்த இத்தகைய ஊர்களின் இளைஞர்களுக்கு இப்போது நைரோபியும் லாகோஸும் கின்ஷாசாவும் கூட வேலைக்கான பெயர்களாக வந்து சேர்கின்றன.

இத்தகைய ஊரில் வளர்ந்தவருக்கு வீட்டுப் பாதுகாப்பு என்பது கற்றுக் கொள்ள வேண்டிய ஒரு பாடமாகத் தோன்றியிருக்காது. பகல் முழுவதும் கதவு திறந்தே இருக்கும். தெருவுக்குள் புதிதாக ஒருவர் நுழைந்தால், "யார் வீட்டுக்கு வந்தீங்க?" என்று குறைந்தது இரண்டு பேராவது கேட்பார்கள். கேட்பவர் காவலர் அல்லர். ஆனால் அந்தக் கேள்வியைத் தாண்டித் திருடன் போவது கடினம். கடலிலும் இதே கதைதான். 2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் 'சாகர் கவச்' போன்ற ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன. காவலர்களே தீவிரவாதிகள்போல மாறுவேடத்தில் படகில் வந்து ஊடுருவ முயல்வார்கள். அவர்களைப் பிடிப்பதில் மீனவர்களின் கண்களுக்குப் பெரும் பங்குண்டு. அறிமுகமில்லாத படகு எது என்று கரையில் வலை பின்னிக் கொண்டிருப்பவர் தொலைவிலிருந்தே சொல்லிவிடுவார்.

விமானம் ஏறியவுடன் இந்தப் பாதுகாப்பு கழன்று விடுகிறது. அயல்நாட்டு நகரத்தில் அறிமுகமில்லாத படகு நாம்தான். யார் எப்போது வருகிறார், எங்கே பணம் வைத்திருக்கிறார் என்பதைத் தெரு கவனிக்கிறது; ஆனால் அந்தத் தெருவின் மொழி நமக்குப் புரிவதில்லை. இழந்த இந்தக் கண்களுக்கு மாற்றாக எதை வைப்பது என்பதே அந்நகரங்களில் பாதுகாப்பு பற்றிய முழுப் பிரச்னையும்.

இதற்கு ஜோஹன்னஸ்பர்க் கண்ட விடை மதில். தென்னாப்பிரிக்காவில் பதிவு பெற்றுப் பணியிலிருக்கும் தனியார் பாதுகாவலர்களின் எண்ணிக்கை 5 லட்சத்துக்கும் அதிகம். நாட்டின் காவலர் எண்ணிக்கை அதில் பாதிகூட இல்லை. வசதியான வீடுகளைச் சுற்றி உயர்ந்த சுவர், அதன் மேல் மின்வேலி, தோட்டத்தில் அசைவுணரும் கருவிகள், வீட்டுக்குள்ளேயே படுக்கையறைப் பகுதியைத் தனியே பூட்டும் இரும்புக் கதவு. எச்சரிக்கை மணி ஒலித்தால் காவல் நிலையத்துக்கு முன்பாக, மாதக் கட்டணம் பெறும் தனியார் நிறுவனத்தின் துப்பாக்கி ஏந்திய வாகனம் வந்து நிற்கும். இவ்வளவு ஏற்பாட்டையும் 2023-ஆம் ஆண்டின் தொடர் மின்வெட்டு சோதித்துப் பார்த்தது. மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது வேலியும் மணியும் மின்கலத்தை நம்பியிருந்தன. மின்கலம் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்தது. அங்கே வீடு பார்ப்பவர்கள் சுவரின் உயரத்தைக் கேட்பதோடு, மின்சாரம் போனால் எது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்பதையும் கேட்க வேண்டும்.

அந்நாட்டில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 25 ஆயிரத்துக்கும் அதிகமான கொலைகள் பதிவாகின்றன. அவற்றுக்குப் பலியாவோரில் மிகப் பெரும்பாலோர் மதிலுக்குள் வாழ முடியாத ஏழைக் கறுப்பின மக்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்து நல்ல குடியிருப்பில் வசிப்பவருக்கு நேரும் ஆபத்துகள் பெரும்பாலும் வீட்டு வாசலில் நிகழ்கின்றன. வெளிக்கதவு திறப்பதற்காகக் கார் காத்து நிற்கும் அந்த அரை நிமிடத்தில்தான் வாகனக் கடத்தல்கள் பல நடக்கின்றன. வீட்டை நெருங்கும்போது பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்ப்பது, சந்தேகம் இருந்தால் திரும்பாமல் நேரே சென்று விடுவது, கதவு முழுவதும் திறக்கும்வரை பின்வாங்க இடம் விட்டுச் சாலையிலேயே நிற்பது ஆகியவற்றை அங்கே பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித் தருகிறார்கள். துப்பாக்கி முனையில் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், கைகள் தெரியும்படி இருக்க வேண்டும், வாக்குவாதம் கூடாது. காருக்குக் காப்பீடு இருக்கிறது. இதில் மானப் பிரச்னை ஏதும் இல்லை.

நைரோபியும் லாகோஸும் சுவரைக் காட்டிலும் மனிதரை நம்புகின்றன. அங்கே பல வீடுகள் ஒரே வளாகத்துக்குள், ஒரே வாயிலோடு இருக்கும். வாயிலில் ஒருவர் நிற்பார். கிழக்கு ஆப்பிரிக்காவில் அவரை 'அஸ்காரி' என்பார்கள். படைவீரரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து சுவாஹிலிக்கு வந்த சொல் அது. நைஜீரியாவில் 'மைகார்டு'. நம் ஊர்த் தெருக்களில் இரவில் விசில் ஊதிச் சென்று, மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும் கூர்க்காவின் உறவுக்காரர் என்று அவரைச் சொல்லலாம். பெரும்பாலும் தொலைதூரக் கிராமத்திலிருந்து வந்தவர், பன்னிரண்டு மணி நேர முறைப் பணி, சொற்பச் சம்பளம். பாதுகாப்பு நிறுவனத்துக்கு நாம் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதிதான் அவர் கைக்குப் போகும்.

அந்த மனிதருக்கு நம் வீட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது, எந்த வார இறுதியில் வீடு பூட்டியிருக்கும், தொலைக்காட்சிப் பெட்டி எந்தப் பெட்டியில் வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டுக் கொள்ளைகளில் உள்ளே இருப்போர் கொடுத்த தகவல் இருந்தது என்று காவல் துறை சொல்லும்போது சுட்டப்படுபவர்கள் இவர்களும் வீட்டுப் பணியாளர்களும்தான். இதைக் கேட்டவுடன் அவரைச் சந்தேகத்தோடு நடத்துவது நம்மவர் பலரின் வழக்கம். அந்த வழக்கம் பாதுகாப்பைக் குறைக்கவே செய்யும் என்பது என் கருத்து. பெயர் சொல்லி அழைக்கப்படாத, மழையில் ஒதுங்க இடமில்லாத, சம்பளம் பத்து நாள் தள்ளிக் கிடைக்கும் ஒரு மனிதர், இரவு இரண்டு மணிக்கு ஆயுதத்தோடு வருபவர்களை எதற்காகத் தடுக்க வேண்டும்? இரவில் ஒரு குவளை சூடான தேநீர், அவர் ஊரைப் பற்றி ஒரு விசாரிப்பு, அவர் மொழியில் நான்கு சொற்கள் ஆகியவற்றின் பயனை அங்கு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். அதோடு, ஒருவரை வேலையிலிருந்து நீக்க நேர்ந்தால் பாக்கியை முழுவதும் தீர்த்து, மரியாதையோடு அனுப்ப வேண்டும். அன்றே பூட்டுகளை மாற்றிவிட வேண்டும். ஒன்று நம்பிக்கை, மற்றது எச்சரிக்கை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

அடுத்தது பணமும் பொன்னும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர் வீடுகளை மற்ற வீடுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். கடை வருமானத்தை வங்கியில் கட்டாமல் இரவில் வீட்டுக்குக் கொண்டு செல்வது இந்திய வணிகர்களிடம் பல நகரங்களில் நெடுநாளைய பழக்கம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள், வங்கிமீது அவநம்பிக்கை, வரி என்று காரணங்கள் பல. முதலாளியின் இந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அவருடைய தமிழ்க் கணக்கர்தான். பையைத் தூக்கிக் கொண்டு காரில் ஏறுபவர் அவரே. கென்யாவில் 2007-ஆம் ஆண்டு அறிமுகமான 'எம்-பெசா' என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்ற முறை, கையில் ரொக்கம் வைத்திருக்க வேண்டிய தேவையைப் பெருமளவு குறைத்தது. காய்கறி விற்பவர் முதல் வாடகை வாங்குபவர் வரை அதில் பெற்றுக் கொள்கிறார்கள். இத்தகைய வசதி இருந்தும் நிறுவனம் ஓர் ஊழியரை ரொக்கப் பையோடு தெருவுக்கு அனுப்புகிறது என்றால், அதை மறுத்துப் பேசும் உரிமை பணி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பொன்னைப் பொருத்தவரை முடிவு நம் கையில்தான் இருக்கிறது. இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது தென்னாப்பிரிக்கா முதல் பிரிட்டன் வரை கொள்ளையர்கள் அறிந்த செய்தி. குடும்பத்தோடு செல்லும் பெண்கள் தாலிச் சங்கிலியை ஊரிலேயே வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு செல்வதில் குறையொன்றும் இல்லை. பல குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சங்கம் கூடும் நாள்களில், எல்லோரும் நகையணிந்து ஒரே மண்டபத்திலிருந்து ஒரே நேரத்தில் வெளியேறுவது உள்ளூர்ப் பார்வையாளருக்கு எப்படித் தெரியும் என்பதையும் யோசிக்கலாம். அன்றிரவு எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பதையும் முகநூலில் நாமே படத்தோடு அறிவித்து விடுகிறோம்.

தெருவில் கடைப்பிடிக்க வேண்டியவை எளியவை. கைப்பேசியைக் காதில் வைத்தபடி நடைபாதையில் நிற்பதும், போக்குவரத்து விளக்கில் கார்க் கண்ணாடியைத் திறந்து வைப்பதும் பறிப்புக்கு அழைப்பு. நகரங்களுக்கிடையே இரவுப் பயணம் கூடாது. நைஜீரியாவின் அபுஜா - கடூனா பாதையில் 2022-ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று ரயிலையே நிறுத்திப் பயணிகளைக் கடத்தினார்கள். கடவுச்சீட்டின் நகலும் குடியிருப்பு அனுமதியும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். காவல் சோதனையில் அவை இல்லாதவரின் இரவு நீண்டுவிடும். ஒன்றை மட்டும் யாரும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, மக்கள்தொகை விகிதத்தில் சாலை விபத்து மரணங்கள் மிக அதிகமாக இருப்பது ஆப்பிரிக்கப் பகுதியில்தான். வாடகை இருசக்கர வாகனத்தில் தலைக்கவசமின்றி ஏறுபவர், திருடனுக்கு அஞ்சி வாங்கிய நான்கு பூட்டுகளைப் பற்றிச் சிந்தித்துப் பயனில்லை.

இவையெல்லாம் அமைதியான நாள்களுக்கானவை. நகரமே கொந்தளிக்கும் நாளில் மதில் எதற்கும் உதவாது என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்க இந்தியர்கள் அனுபவித்து அறிந்தார்கள். 1972-ஆம் ஆண்டு உகாண்டாவில் இடி அமீன் ஆசிய வம்சாவளியினர் வெளியேற 90 நாள்கள் கெடு விதித்தார். 1982-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று கென்யாவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது நைரோபியில் இந்தியர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. உள்ளூர் மக்களோடு கல்லாப்பெட்டி அளவில் மட்டுமே உறவு வைத்திருந்த ஒரு சமூகம், அரசியல் திரும்பும் நாளில் தனித்து விடப்படுகிறது. வரலாற்றில் நடந்த அநீதியை இது நியாயப்படுத்தாது; ஆனால் இன்று செல்பவர் இதை அறிந்து செல்ல வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு கசப்பான எடுத்துக்காட்டு டர்பனில் இருக்கிறது. டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸ், நிறவெறி அரசு 1970-களில் இந்தியர்களுக்கென ஒதுக்கி உருவாக்கிய குடியிருப்பு. தமிழ் வம்சாவளியினர் அங்கே பெருமளவில் வாழ்கின்றனர். காந்தியடிகள் 1904-ஆம் ஆண்டு நிறுவிய ஃபீனிக்ஸ் குடியிருப்பும் அருகில்தான். அது 1985-ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. அந்த நினைவு மறையாத இடத்தில், 2021-ஆம் ஆண்டு ஜூலையில் மீண்டும் கலவரம் வெடித்தது. நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடைகள் கொள்ளை போயின. காவல் துறை வந்து சேரவில்லை. ஃபீனிக்ஸ்வாசிகள் சாலைகளில் தடுப்புகளை அமைத்துத் தாங்களே காவலுக்கு நின்றனர். வீட்டைக் காக்க நின்றவர்களில் பெரும்பாலோர் அச்சத்தில் நின்றவர்களே. ஆனால் அத்தடுப்புகளை ஒட்டி, அவ்வழியே சென்ற கறுப்பின மக்கள் தடுக்கப்பட்டனர், தாக்கப்பட்டனர், சுடப்பட்டனர். அப்பகுதியில் கொல்லப்பட்ட 36 பேரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வழக்குகள் தொடர்ந்தன, இரு சமூகங்களுக்கிடையிலான காயம் இன்னும் ஆறவில்லை. தெருவின் கண்கள் பாதுகாப்பு தரும் என்று கட்டுமாவடியை வைத்துச் சொன்னோம். அதே கண்கள் தோலின் நிறத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபீனிக்ஸ் சாட்சி.

கலவர நாளில் வெளியூர்க்காரர் செய்யக் கூடியது குறைவு. 2024-ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று நைரோபியில் போராட்டக்காரர்கள் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தபோது, தேவையற்ற நடமாட்டத்தைத் தவிர்க்குமாறு இந்தியத் தூதரகம் அங்குள்ள இந்தியர்களை அறிவுறுத்தியது. ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, குடிநீர், மருந்து, மின்னேற்றிய கைப்பேசி, சிறிது உள்ளூர்ப் பணம் ஆகியவை வீட்டில் இருந்தால் அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க முடியும். இல்லாதவர் பால் வாங்கக் கூட்டத்துக்குள் போக வேண்டியிருக்கும்.

தூதரகத்தின் அறிவுரை ஒருவரைச் சென்றடைய வேண்டுமானால், அவர் அங்கே இருப்பது தூதரகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நம் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. கட்டுமாவடியில் ஈசிஆர் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை. கடவுச்சீட்டில் அதே மூன்றெழுத்துக்கு, வேலைக்குச் செல்லும் முன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்று பொருள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் இந்த அனுமதி பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு, அதுவும் 18 நாடுகளுக்குச் செல்லும்போது மட்டுமே கட்டாயம். அந்தப் பட்டியலில் உள்ள ஆப்பிரிக்க நாடுகள் லிபியா, சூடான், தெற்கு சூடான் ஆகிய மூன்றுதான். மாலி இல்லை, நைஜர் இல்லை, நைஜீரியாவும் காங்கோவும் இல்லை. கத்தாருக்குச் செல்லும் கொத்தனாரின் ஒப்பந்தத்தை அரசு பார்க்கிறது. மாலிக்குச் செல்லும் மின்பணியாளரின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர் எங்கே தங்க வைக்கப்படுவார், பணியிடத்துக்குப் பாதுகாவலர் உண்டா, காப்பீடு எவ்வளவு என்ற கேள்விகள் எந்த அலுவலகத்திலும் எழுவதில்லை.

மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம் குறைகளைப் பெறுகிறது. தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்தால் அடையாள அட்டையும் காப்பீடும் பெறலாம். இவை அனைத்தும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை எல்லாம், சென்றவர் தாமாக முன்வந்து பதிவு செய்வதைச் சார்ந்தவை. பயணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்புகளும் வளைகுடாவை மனத்தில் வைத்தே அமைந்திருக்கின்றன. அங்கே கற்பிக்கப்படும் சட்ட நடைமுறைகள் லாகோஸ் செல்பவருக்குப் பயன்படாது. வாயில் காவலரோடு எப்படிப் பழகுவது, வீட்டு வாசலில் காரை எங்கே நிறுத்துவது, ரொக்கப் பையைத் தூக்க மறுப்பது எப்படி என்று சொல்லித் தர இரண்டு மணி நேரம் போதும். அங்கிருந்து திரும்பிய ஆசிரியர்களும் கணக்கர்களும் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் ஓய்வில் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

1983-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு புதிய மசோதாவின் வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025-ஆம் ஆண்டு வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அயல்நாட்டு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரின் பணியிட முகவரியும், எந்த நாடாக இருந்தாலும், கல்வித் தகுதி எதுவாக இருந்தாலும் பதிவாக வேண்டும் என்ற விதி அதில் இடம்பெற வேண்டும். அதுவரை குடும்பங்கள் ஒன்றைச் செய்யலாம். மகனை வழியனுப்பும் முன் ஒரு தாளில் ஊரின் பெயர், தெரு, நிறுவனத்தின் உள்ளூர்த் தொலைபேசி எண், உடன் தங்குபவரின் எண், கடவுச்சீட்டு எண், அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண் ஆகியவற்றை எழுதி வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். வீடு மாறும்போதெல்லாம் அந்தத் தாளைத் திருத்த வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு போய் நிற்க நேர்ந்தால், முதலில் கேட்கப்படும் கேள்வி "எந்த ஊர், எந்தக் கம்பெனி?" என்பதுதான்.